கழற்றியது ஒன்பது, மாட்டியது ஒன்பது

அடிக்கடி தானாக நின்றுபோகும் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு: ரிப்பேர்க்காரன் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டால் அது நிற்கவே நிற்காது.

நாலு நாளில் நாற்பது தடவை நின்ற மிஷின், என் முகத்தைப் பார்த்ததும் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்த நாளின் வகுப்பறைபோல ஒழுங்காகிவிடும். வீட்டுக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். நான் மிஷினைச் சந்தேகமாகப் பார்ப்பேன். காபி வரும். குடித்துவிட்டுக் கிளம்பித் தெருமுனை திரும்புவதற்குள் போன் வரும். இந்த அவஸ்தையை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து நீங்கள் பட்டிருப்பீர்கள். இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்றும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

செல்லூரில் ஒரு சந்துக்குள் என் கடை. வயது அறுபத்து நாலு. ஒன்பதாம் வகுப்புவரை படித்தேன். முதலில் ரேடியோ, பிறகு டிவி, கடைசி இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர். வைரஸ் என்று யாராவது வந்தால் வேறு ஆளிடம் அனுப்பிவிடுவேன். இரும்பு, பித்தளை, கம்பி, தூசி, சூடு ஆகியவற்றில் வரும் கோளாறு மட்டுமே என் வேலை. ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். அதனால் பேசுகிற நேரத்தில் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அரைத் தாள்

ஒரு மிஷின் திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால் நான் உடனே திறக்க மாட்டேன். ஒரு அரைத் தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுப்பேன். முதல் கட்டத்தில் நின்ற நாளும் நேரமும். இரண்டாவதில், அப்போது கம்ப்யூட்டரில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். மூன்றாவதில், அப்போது அறையில் வேறு என்ன நடந்தது. பத்துப் பேரில் ஏழு பேர் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் நிற்பதற்கும் அறையில் நடப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பார்கள். எனக்கோ பாதி நேரம் விடை அங்கேதான் கிடைக்கும்.

எங்கள் சந்திலேயே பவர்லூம் வைத்திருக்கிறார் பாண்டி. சேலைக் கரைக்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் போடுவார். பாதி டிசைனில் மிஷின் நின்றுபோகிறது என்று வந்தார். தாளைக் கொடுத்தேன். ஆறு நாளில் ஒன்பது வரி எழுதியிருந்தார். ஒன்பதும் காலை பதினொன்றேகாலை ஒட்டியோ மாலை நாலேகாலை ஒட்டியோ இருந்தன. மூன்றாவது கட்டத்தில் ஒன்பது வரியிலும் ஒரே வாசகம்: டீ குடித்தோம்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். எட்டுத் தறியும் நின்றன, டீ வந்தது, எல்லாரும் குடித்தார்கள். பதினொன்றேகாலுக்கு எட்டுத் தறியையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். டியூப்லைட் ஒரு கணம் மங்கியது, கம்ப்யூட்டர் அணைந்தது. தறியும் கம்ப்யூட்டரும் ஒரே லைன். கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுத்து யு.பி.எஸ் வைக்கச் சொன்னேன். பாண்டி தன் தாளைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப, நாங்க உக்காந்து டீ குடிக்கிறதுதான் அதுக்குப் பொறுக்கலயாண்ணே?"

மேலூர்க் கல்

மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரி ஆபீஸ். அங்கே கணக்கெழுதும் சகாயம் போன் செய்தார். காலையில் போட்டால் ஓடுகிறதாம், கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறதாம். நான் போய்க் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டேன். முதல் தடவை இருபது நிமிஷம் ஓடியது. உடனே மறுபடி போட்டேன், பன்னிரண்டு. அப்புறம் ஏழு. அப்புறம் நாலு. இப்படிக் குறைந்துகொண்டே வந்தால் அது சூடு, வேறு ஒன்றும் இல்லை.

திறந்தேன். உள்ளே ஃபேனுக்கு அடியில் சூட்டை வாங்கி வெளியே விடுகிற அலுமினியப் பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டி இருந்தது. வீட்டுத் தூசி என்றால் ஊதினால் பறக்கும். இது கல்தூள். மழைக்கால ஈரத்தில் இறுகிப் பூச்சு வேலை செய்ததுபோல் இருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் முக்கால் மணி நேரம் சுரண்டினேன். ஒரு தீப்பெட்டி நிறையும் அளவுக்குத் தூள் வந்தது. அதை ஒரு காகிதத்தில் மடித்து, வழியில் கொட்டிக்கொள்கிறேன் என்று சட்டைப் பையில் வைத்தேன். சகாயம் வாசல்வரை வந்து வழியனுப்பினார். என் பையைக் காட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "ரசீது போடாம இந்த ஆபீஸை விட்டு வெளிய போற கல்லு இது ஒண்ணுதாண்ணே."

அஞ்சறைப் பெட்டி

என் கருவிகளில் நான் பெரிதாக மதிப்பது ஒரு எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. கடுகு, சீரகம் வைக்கிற அதே பெட்டிதான். ஏழு கிண்ணம். கழற்றுகிற திருகுகளை இடம் வாரியாக ஒவ்வொரு கிண்ணத்திலும் போடுவேன். வேலை முடியும்போது ஏழு கிண்ணமும் காலியாக இருக்க வேண்டும். ஒரு திருகு மிஞ்சினாலும் எனக்குச் சோறு இறங்காது.

இந்தப் பெட்டியோடு நான் அதிகம் போன இடம் நாகமலை புதுக்கோட்டையில் ரோஸ்லின் டீச்சரின் கடை. டீச்சர் மிஷன் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எடுத்தவர். ஓய்வு பெற்றதும், பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால், ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தீசிஸ் டைப் செய்து கொடுக்கிற கடை போட்டார். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்டீல் பீரோ, சுவரில் மாதா படம். டைப் செய்வதோடு விடமாட்டார். தப்பைக் கண்டால் சிவப்புப் பேனாவால் சுழித்து, எழுதியவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்வார். நரை விழுந்த ஆராய்ச்சியாளர்கள்கூட அந்த அறைக்குள் வரும்போது சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

போன ஆடியில் டீச்சரின் பழைய மதர்போர்டு செத்துப்போயிற்று. வேறொன்று கொண்டுபோனேன். மதர்போர்டின் அடிப்பக்கம் கேபினட் என்கிற வெளிப்பெட்டியின் தகரத்தில் படக்கூடாது. பட்டால் ஷார்ட். அதற்காகத் தகரத்தில் சின்னப் பித்தளைக் கால்களை முடுக்கி, அவற்றின்மேல் போர்டை வைத்துத் திருகுவோம். ஸ்டட் என்பது அதன் பெயர். பழைய போர்டுக்கு ஸ்டட் ஒன்பது, திருகு ஒன்பது. தகரம் துருவேறி இருந்ததால் ஸ்டட்களையும் கழற்றித் துடைத்தேன். ஒன்பதையும் அதே ஒன்பது இடத்தில் முடுக்கினேன். புதுப் போர்டும் அதே அளவுதான். வைத்துத் திருகினேன். ஒரு திருகு மிஞ்சியது. பார்த்தால், கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ் பெட்டியில் ஒரு திருகு ஏற்கெனவே இல்லாமல் ஓட்டை காலியாக இருந்தது. மிஞ்சியதை அங்கே முடுக்கினேன். ஏழு கிண்ணமும் காலி.

"கழற்றியது ஒன்பது, மாட்டியது ஒன்பது" என்றேன். நான் தானாக முன்வந்து பேசுவது அபூர்வம். டீச்சர் எட்டிப் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார்: "என் கிளாஸ்ல நீங்க இருந்திருந்தா உங்களைத்தான் லீடராப் போட்டிருப்பேண்ணே."

கெட்டில்

இருபது நாள் கழித்து டீச்சரிடமிருந்து போன். நிற்கிறது. அரைத் தாள் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஏழு வரி.

அந்த வாரம் கடையில் முருகேசன் என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். மாணவர் என்றால் வயது நாற்பதை நெருங்கியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கண்மாய்ப் பாசனத்தைப் பற்றி ஏழு வருஷமாக எழுதிய தீசிஸ். கையால் எழுதிய அறுநூறு பக்கம். அந்த மாசக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அவர் பதிவு காலாவதியாகிவிடும். ஏழு வருஷமும் போனதுதான். பாதி டைப் ஆகியிருந்தது. அட்டவணைகள் நிறைய இருந்ததால், மிஷின் நிற்கும் ஒவ்வொரு தடவையும் கடைசியாகப் போட்ட கட்டங்கள் கலைந்துபோய்விடும்.

டீச்சர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள், இந்த வயதில் எதற்குக் கடை என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். பக்கத்துக் கடையில் நாலு மிஷின் வந்துவிட்டதாம். "இந்தத் தம்பி தீசிஸை இந்த மிஷின்ல முடிச்சுக் கொடுக்க முடியலைன்னா, அடுத்தவன் ஏழு வருஷத்தோட விளையாட எனக்கு உரிமை இல்லண்ணே. கடையை மூடிட்டுப் போயிருவேன்" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே பிளக் பலகையில் ஒரு கரண்ட் கெட்டிலும் செருகியிருந்தது. செல்லூரில் பார்த்த எட்டுத் தறி ஞாபகம் வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இனிமேல் கெட்டில் கூடாது என்றேன். டீச்சர் உடனே அதைத் துடைத்து, பழைய நியூஸ்பேப்பரில் சுற்றி, பீரோவின் மேல் வைத்தார். முருகேசன் அது போவதைத் தலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்: "ஐயா, ஏழு வருஷமா இந்த தீசிஸ் நகர்ந்ததே டீச்சர் டீயிலதான்."

ரப்பர்

நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடைச் சங்கதி. அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

செல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சேகர், மிஷின் நின்றால் கேபினட்டின் இடது பக்கம் உள்ளங்கையால் ஒரு அடி அடிப்பார். ஓடிவிடும். இரண்டு வருஷமாக இதுதான் வைத்தியம். அடித்து அடித்துத் தகரத்தில் கை அளவுக்குப் பள்ளம். ஒருநாள் அடித்தும் ஓடவில்லை என்று தூக்கி வந்தார். ராம் என்கிற சின்ன மெமரிப் பட்டை அதன் காடியில் லூசாக இருந்தது, அதன் தங்கப் பற்கள் மங்கிப்போயிருந்தன. பென்சில் அழிக்கிற ரப்பரால் பற்களைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, மறுபடி அழுத்திச் செருகினேன். பத்து நிமிஷ வேலை.

ஒரு வாரம் கழித்துச் சேகர் வந்தார். மிஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. என்ன என்று கேட்டேன். மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்: "அதெல்லாம் நல்லாத்தான் ஓடுதுண்ணே, ஆனா வீட்ல சண்டை போட்டுட்டு வந்தா இப்ப நான் எதை அடிக்கிறது?"

நிறுத்தியவை ஐந்து

டீச்சரின் மிஷின் கெட்டில் இல்லாமலும் நின்றது. அடுத்த வாரம் அதே தாளில் மேலும் பதினொரு வரி. முன்னதோடு சேர்த்துப் பதினெட்டு.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றினேன். மாற்றும்போது பழையதிலிருந்து நாலு திருகு கழற்றி, புதியதில் நாலு மாட்டினேன். கணக்கு சரி. ராமை ரப்பர் போட்டுத் தேய்த்தேன். சுவர் பிளக்கைப் பிரித்துப் புது வயர் இழுத்தேன். இவ்வளவும் என் கையால் செய்தவை. டீச்சரைச் செய்யச் சொன்னவை வேறு. கேபினட்டின்மேல் அவர் தைத்துப் போட்டிருந்த பூவேலைத் துணியை எடுக்கச் சொன்னேன், காற்று அடைக்கிறது என்று. மேஜையை ஜன்னலோரத்திலிருந்து பீரோவை ஒட்டித் தள்ளச் சொன்னேன், வெயில் படுகிறது என்று. பிரிண்டர் ஓடும்போது மேஜை ஃபேனைப் போடக்கூடாது என்றேன். கடைசியில் மாதா படத்துக்கு முன்னால் எரிந்த சின்ன சிவப்பு பல்பையும் அணைக்கச் சொன்னேன். அது கம்ப்யூட்டரை என்ன செய்துவிடும் என்று எனக்கே தெரியாது. டீச்சர் கேட்கவில்லை. எழுந்து போய் அணைத்தார்.

கெட்டிலோடு சேர்த்து அவருடையவை ஐந்து. நான் விரல் விட்டு எண்ணியது இன்னும் நினைவிருக்கிறது. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. முருகேசன் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. டைப் ஆனதை எல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம் டீச்சர், அப்புறம் பக்கத்துக் கடைக்குப் போகிறேன், கோவிச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டார். அவர் பேசி முடித்த அதே நிமிஷம், யாரும் தொடாமலேயே மிஷின் அணைந்தது. பத்தொன்பது. நான் கருவிகளை எடுத்துப் பையில் வைத்தேன். டீச்சர் அந்த வரியையும் தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார்: "அண்ணே, இனிமே நிறுத்துறதுக்கு இந்த அறையில நான் ஒருத்திதான் மிச்சம்."

மூன்றாவது கட்டம்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தாளைப் பிரித்தேன். இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் மூன்றாவது கட்டத்தை நிரப்பு, நிரப்பு என்று கேட்டு வாங்குகிறவன் நான். டீச்சர் பத்தொன்பது வரியையும் முத்து முத்தான எழுத்தில் நிரப்பித் தந்திருந்தார். நான் அதைப் படிக்கவே இல்லை. கெட்டிலைப் பார்த்த அன்றே கரண்ட் கோளாறு என்று முடிவு செய்துவிட்டதால், நேரத்தை மட்டும் பார்த்தேன்.

இப்போது படித்தேன். "பீரோவைத் திறந்தேன்." "முருகேசன் மேஜையில் சாய்ந்தார்." "ஒருவர் முன்பக்கம் பென் டிரைவ் செருகினார்." "பீரோவை மூடினேன்." "பீரோவைத் திறந்தேன்." "முருகேசன் எழுந்தார்." "நாற்காலி மேஜைக் காலில் இடித்தது." கடைசி வரி, பத்தொன்பது: "யாரும் ஒன்றும் செய்யவில்லை. வெளியே கல் லாரி போனது." மேஜையைப் பீரோவை ஒட்டித் தள்ளச் சொன்ன பிறகுதான் ஏழு பதினொன்றாக ஆகியிருந்தது. எல்லாமே ஆட்டம். கரண்டே இல்லை. சேகரின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. அவர் அடித்தால் ஓடியது, இங்கே அசைந்தால் நிற்கிறது. உள்ளே ஏதோ ஒன்று தொடுகிறது, விடுகிறது. என்ன தொடும் என்று யோசித்தபோது, ஆடி மாசம் மிஞ்சிய அந்த ஒரு திருகு கண்முன் வந்து நின்றது.

காளவாசலில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், அடுத்து வந்த பஸ்ஸில் திரும்பினேன். கடைக்குள் நுழைந்தபோது டீச்சரும் முருகேசனும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கேபினட்டைப் படுக்கவைத்துத் திறந்தேன். போர்டின் மேலே இருந்த திருகுகளை எண்ணினேன். எட்டு. எட்டையும் கழற்றிப் போர்டைத் தூக்கினேன். அடியில் ஸ்டட்களை எண்ணினேன். ஒன்பது. பழைய போர்டில் ஓட்டை ஒன்பது, இந்தப் போர்டில் எட்டு. அளவு ஒன்றாக இருந்ததால் நான் ஓட்டையை எண்ணவில்லை. ஒன்பதாவது ஸ்டட் போர்டின் வயிற்றுக்கு நேர் கீழே, ஓட்டையே இல்லாத இடத்தில், மயிரிழை இடைவெளியில் நின்றுகொண்டிருந்தது. மேஜை அசையும்போதெல்லாம் போர்டின் அடியில் இருந்த ஈயப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு அணைத்திருக்கிறது. ஸ்டட் தலையில் ஒரு கறுப்புப் பொட்டு. முருகேசன் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்: "என்னங்கய்யா, எதுவும் தட்டுப்பட்டுச்சா?"

நாலாவது கட்டம்

எங்கள் தொழிலில் ஒரு சொல் இருக்கிறது: லூஸ் காண்டாக்ட். கோளாறு என்னவென்று தெரியாதபோதும் சொல்லலாம், தெரிந்து அது நம் தப்பாக இருக்கும்போதும் சொல்லலாம். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். நான் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அப்படிப் பதினான்கு தடவை சொல்லியிருக்கிறேன். எண்ணி வைத்திருக்கிறேன். பதினைந்தாவது தடவை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அணைந்து கிடந்த அந்தச் சிவப்பு பல்பு கண்ணில் பட்டது. வாயால் சொல்ல எனக்கு வராது. ஸ்டட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். டீச்சரின் தாளை எடுத்து, ஸ்கேல் வாங்கி, மூன்று கட்டத்துக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன். அதற்கு மேலே "மெக்கானிக் செய்தது" என்று எழுதினேன். கீழே எழுதினேன்: "ஒன்பது கழற்றினான். எட்டுப் போதும் என்று பார்க்காமல் ஒன்பதும் மாட்டினான். மிஞ்சிய திருகை வேறு இடத்தில் முடுக்கிக் கணக்கை நேராக்கினான். கெட்டில், துணி, ஜன்னல், ஃபேன், பல்பு ஐந்தும் தப்பில்லாதவை." பத்தொன்பது வரிக்கும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு, தாளை டீச்சரிடம் கொடுத்தேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை நான் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். முருகேசனும் வாங்கிப் படித்தார். பென் டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் போர்டை எட்டு ஸ்டட்மேல் வைத்து எட்டுத் திருகு போட்டு மூடினேன். மிஷினைப் போட்டுவிட்டுப் பீரோவை நானே இருபது தடவை திறந்து மூடினேன். முருகேசனை மேஜையில் சாயச் சொன்னேன். சாய்ந்தார், போதாது என்று ஏறியும் உட்கார்ந்தார். நிற்கவில்லை. டீச்சர் முதலில் போய் மாதா பல்பைப் போட்டார். அப்புறம் கெட்டிலை இறக்கி, நியூஸ்பேப்பரைப் பிரித்து, தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து என் நாலாவது கட்டத்தில் ஏதோ எழுதினார். பத்துக்கு ஏழு என்று போட்டிருந்தது. எனக்கு அது ஜாஸ்தி என்று பட்டது. அதைச் சொல்லவும் செய்தேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "விடை தப்புக்கு மூணு கொறச்சாச்சுண்ணே, வழியை ஒளிக்காம எழுதுனவனுக்கு நான் எப்பவும் ஏழு போடுவேன்."

காலித் தாள்

முருகேசனின் தீசிஸ், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே பைண்டிங் ஆகிப் போய்ச் சேர்ந்தது. அதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவரே செல்லூர்ச் சந்துக்குள் வழி விசாரித்துக்கொண்டு வந்து, பாண்டியின் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சரிடம் கடைசியாக ஒரு அரைத் தாள் கொடுத்திருந்தேன். ஒரு மாசம் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று. அதை வாங்கப் போன அன்று கடையில் இரண்டு புதிய ஆட்கள் காகிதக் கட்டோடு காத்திருந்தார்கள். இருவருமே முருகேசன் அனுப்பியவர்கள். கேபினட்டின்மேல் பூவேலைத் துணி மறுபடி வந்திருந்தது. காற்றுப் போகிற இடத்தை விட்டு, அளவாக மடித்துத் தைத்திருந்தார். மகளிடமிருந்து போன் வந்தது. வேலை இருக்கு, கிறிஸ்துமஸுக்கு வாரேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தாளைக் கொடுத்தார். முப்பது வரி இருந்தன. முதல் கட்டத்தில் முப்பது தேதி, அழகான கையெழுத்தில். இரண்டாவது, மூன்றாவது, நான் சொல்லாமலே அவர் போட்டிருந்த நாலாவது, எல்லாம் காலி. நிற்காத நாளுக்கு எதற்குத் தேதி என்பதுபோல் பார்த்தேன். டீச்சர் சிவப்புப் பேனாவை மூடியபடி சொன்னார்: "நிக்கலைங்கிறதையும் யாராச்சும் எண்ணணும்லண்ணே."

இப்போதெல்லாம் கழற்றியதை எண்ணி, மாட்டுவதை எண்ணி, அதற்குமுன் ஓட்டையையும் எண்ணிவிட்டுத்தான் மூடுகிறேன். அதனால் பத்து நிமிஷ வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் என்னை எத்தனை தடவை திட்டுகிறார்கள் என்பதற்கு மட்டும் நான் இன்னும் கட்டம் போடவில்லை.